டேக்குக்குக் காசு யார் கொடுப்பது? ஆர்எஃப்ஐடி ஒட்டிய இடங்களும் உதிர்ந்த இடங்களும்

புதுச் சட்டையிலிருந்து அறுத்துப் போடும் விலை அட்டையை ஒருமுறை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பல பிராண்டுகளில், இரண்டு தாள்களுக்கு நடுவே வெள்ளி நிறத்தில் வளைந்து நெளிந்து ஓடும் ஒரு கோலம் தெரியும். அலுமினியப் படலத்தில் செய்த ஆன்டெனா அது. கோலத்தின் நடுவில், தேடினால்தான் கண்ணில் படுகிற ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் சிப். பேட்டரி கிடையாது, ஸ்விட்ச் கிடையாது. ரேடியோ அலை வழியாகத் தன் அடையாள எண்ணைச் சொல்லும் இதற்குப் பெயர் ஆர்எஃப்ஐடி டேக். 2023-ல் மட்டும் இந்த வகை சிப்புகள் உலகம் முழுக்க 4,000 கோடிக்கு மேல் விற்றிருக்கின்றன.

இருபது வருடத்துக்கு முன்னால் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் ஒரே ஜோசியம்தான் சொன்னார்கள்: பார்கோடு செத்தது, இனி சோப்பு முதல் சூப் டின் வரை எல்லாவற்றிலும் சிப் இருக்கும். இன்றைக்கும் சோப்பில் பார்கோடுதான் இருக்கிறது. சட்டையில் ஏறிய டேக் சோப்பில் ஏன் ஏறவில்லை? பதிலில் பாதி இயற்பியலில் இருக்கிறது, பாதி கணக்குப் புத்தகத்தில். இரண்டாவது பாதிதான் பெரியது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் புள்ளி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ரீடர் என்ற கருவி ரேடியோ அலையை வீசுகிறது. டேக்கில் இருக்கும் ஆன்டெனா அந்த அலையிலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கொஞ்சம் என்றால் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு கிடைத்தாலே சிப் விழித்துக்கொள்ளும். விழித்த சிப் தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை, அதற்குத் தெம்பும் இல்லை. தன் மேல் விழும் அலையை ஒரு கணம் நன்றாகத் திருப்பி அனுப்புகிறது, அடுத்த கணம் மங்கலாக. வெயிலில் கண்ணாடித் துண்டை ஆட்டி எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் அடிப்போமே, அதே வித்தைதான். அந்தச் சிமிட்டலை ரீடர் எண்ணாகப் படித்துக்கொள்கிறது.

ஆயிரம் டேக் ஒரே நேரத்தில் சிமிட்டினால்? அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆளாளுக்கு மனதுக்குள் ஓர் எண் நினைத்துக்கொள்ளுங்கள் என்று ரீடர் சொல்லும். பிறகு ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே வரும். யாருக்குப் பூஜ்யம் வருகிறதோ அவர் பேசலாம். இரண்டு பேருக்கு ஒரே எண் வந்து முட்டிக்கொண்டால் அவர்களுக்கு மறுபடி ஒரு சுற்று. இப்படியே நொடிக்கு நூற்றுக்கணக்கான டேக்குகளைப் படித்துவிடலாம். பெட்டியைத் திறக்க வேண்டாம், பொருளைத் திருப்பிக் காட்டவும் வேண்டாம்.

பார்கோடுக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. பார்கோடு ரகத்தைச் சொல்லும்: இது இந்த மாடல், நீல நிறம், நடுத்தர அளவு. அதே ரகத்தில் உள்ள பத்தாயிரம் சட்டைக்கும் ஒரே பார்கோடுதான். டேக்கில் இருக்கும் எண்ணோ அந்த ஒரே ஒரு சட்டையுடையது. அதனால் ஒரே பொருளை இரண்டு முறை எண்ணிவிட்டோமோ என்ற கவலை இல்லை.

சிந்தனை பழையதுதான். எதிரொலிக்கும் அலையை வைத்தே தகவல் அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார். நினைவகம் கொண்ட டேக் ஒன்றுக்கு மரியோ கார்டுல்லோ 1973-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கடை வாசலில் கூச்சலிடும் திருட்டுத் தடுப்பு டேக்குகள் 1960-களிலேயே வந்தவை. 'இருக்கிறேன்' என்ற ஒரே சேதியை மட்டும் சொல்லத் தெரிந்தவை. பிறகு சுங்கச் சாவடி, மாட்டின் காது, அலுவலகக் கதவு என்று தனித்தனித் தீவுகளாக இது வளர்ந்தது. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவம் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களைத் திறந்து பார்த்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர்கள் பேட்டரி வைத்த பெரிய டேக்குகளைக் கன்டெய்னரில் பூட்ட ஆரம்பித்தார்கள்.

இந்தத் தீவுகளைச் சேர்க்க முயன்றது 1999-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆட்டோ-ஐடி மையம். சஞ்சய் சர்மா, டேவிட் பிராக், கெவின் ஆஷ்டன் மூவரும் அதன் முக்கிய முகங்கள். ஆஷ்டன் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்திலிருந்து வந்தவர். ஒரு குறிப்பிட்ட நிற லிப்ஸ்டிக் கடை அலமாரியில் எப்போதும் தீர்ந்தே கிடக்கிறது, கம்பெனிக் கணக்கிலோ இருப்பு இருக்கிறது. இதுதான் அவரைக் குடைந்த கேள்வி. 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' என்ற சொல்லும் அந்த நாளில் அவர் வைத்ததுதான். எம்ஐடி குழுவின் சாமர்த்தியம் சிப்பை முட்டாளாக்கியதில் இருந்தது. டேக்கில் ஓர் எண் மட்டும் போதும், 96 பிட். விலை, தேதி, தயாரித்த ஆலை எல்லாம் டேட்டாபேஸில் இருக்கட்டும். சுமை குறைந்தால் சிப் சுருங்கும், சுருங்கினால் விலை இறங்கும். ஒரு டேக் ஐந்து அமெரிக்க சென்ட் என்பது அவர்கள் வைத்த இலக்கு.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட் நுழைகிறது. 2003 ஜூனில் தன் முதல் நூறு பெரிய சப்ளையர்களுக்கு அது ஓர் உத்தரவு போட்டது: 2005 ஜனவரி முதல் எங்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும், பெட்டிகளை அடுக்கித் தூக்கும் பேலட் என்ற தட்டிலும் டேக் இருக்க வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே மாதிரி ஓர் ஆணை பிறப்பித்தது. தொழில் உலகமே பரபரத்தது. உத்தரவு போட்ட நேரத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத டேக் வகைகள்தான் புழக்கத்தில் இருந்தன. எல்லாருக்கும் பொதுவான ஜென்2 தரநிலை உறுதியானதே 2004 டிசம்பரில், கெடு தேதிக்குச் சில வாரம் முன்னால்தான்.

தொழில்நுட்பம் வேலை செய்யவில்லையா என்றால், செய்தது. ஆர்கன்சா பல்கலைக்கழகம் 2005-ல் வால்மார்ட் கடைகளில் நடத்திய ஆய்வில், டேக் உள்ள கடைகளில் 'ஸ்டாக் இல்லை' என்ற நிலை 16% குறைந்திருந்தது. வால்மார்ட்டுக்கு அது பெரிய லாபம். ஆனால் டேக் வாங்கியவர் சப்ளையர். பிரின்டர், ரீடர், ஒட்டும் ஆள், பாழாய்ப்போன டேக்குக்கு மாற்று டேக், எல்லாம் அவர் செலவு. அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் பெரிய வாடிக்கையாளரைக் கோபப்படுத்தாத நிம்மதி மட்டும்.

அப்புறம் என்ன நடக்கும்? எதிர்பார்த்ததுதான் நடந்தது. பல சப்ளையர்கள் தங்கள் ஆலையிலோ குடோனிலோ எதையும் மாற்றவில்லை. லாரி கிளம்புவதற்கு முன்னால் வால்மார்ட்டுக்குப் போகும் பெட்டிகளை மட்டும் ஒதுக்கி, டேக்கை ஒட்டி, ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தங்கள் கிடங்கில் அந்த டேக்கை ஒருமுறைகூடப் படித்ததில்லை. வரி கட்டுவது போல ஒட்டினார்கள். 2008-ல் வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப் பிரிவு டேக் இல்லாத பேலட்டுக்கு 2 டாலர் கட்டணம் என்று மிரட்டிப் பார்த்தது. அதிலும் ஆட்டம் சூடுபிடிக்கவில்லை. பெட்டிக்கு டேக் என்ற திட்டம் சத்தமில்லாமல் தேய்ந்துபோனது.

இயற்பியலும் தன் பங்குக்குக் காலை வாரியது. கடைகளில் புழங்கும் டேக் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையில் வேலை செய்கிறது. அந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், உலோகம் திருப்பி அடித்துவிடும். ஷாம்பு, டின்னில் அடைத்த உணவு, குளிர்பானம், அலுமினியத் தாள் சுற்றிய பொருள் என்று சூப்பர் மார்க்கெட்டில் பாதிச் சரக்கு இந்த இரண்டில் ஒன்றுதான். பேலட்டின் வெளி வரிசைப் பெட்டிகளைப் படித்த ரீடருக்கு நடுவில் இருந்த பெட்டி தெரியாமல் போவது வழக்கமானது. போதாக்குறைக்கு, ஐரோப்பா 865–868, அமெரிக்கா 902–928 என்று நாட்டுக்கு நாடு அனுமதித்த அலைவரிசை வேறு. உலகம் சுற்றும் சரக்கில் ஒட்டும் டேக் இரண்டுக்கும் காது கொடுக்க வேண்டும்.

சரி, துணிக்கு வருவோம். துணியில் தண்ணீர் இல்லை, உலோகம் பெயருக்கு ஒரு ஜிப் அல்லது பட்டன். மடித்து அடுக்கிய ஐம்பது சட்டையையும் அலை ஊடுருவிப் போய்விடும். அதைவிட முக்கியம், எண்ண வேண்டிய கட்டாயம். ஒரே மாடல் ஜீன்ஸ் பத்து இடுப்பளவு, நாலு நீளம், மூன்று நிறம் என்றால் நூற்றிருபது ரகம். வாடிக்கையாளருக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று. அது இல்லையென்றால் மற்ற நூற்றுப்பத்தொன்பதும் இருந்து அவருக்கு என்ன பயன்?

கடைக் கணக்கு எவ்வளவு தப்பாக இருக்கும் என்பது வெளியாட்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. நிக்கோல் டிஹோரேஷியஸ், ஆனந்த் ராமன் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிறுவனத்தின் 37 கடைகளில் கிட்டத்தட்ட 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்தார்கள். 65% பதிவுகளில் கணினியில் இருந்த எண்ணும் அலமாரியில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. எல்லாமே திருட்டு என்று நினைக்க வேண்டாம். மூன்று நிறத்தில் மூன்று பனியன் வந்தால், அவசரத்தில் இருக்கும் கேஷியர் ஒன்றையே மூன்று முறை ஸ்கேன் செய்கிறார். பில் தொகை சரி, ஆனால் மூன்று ரகத்தின் கணக்கும் அந்த நொடியில் கெட்டுவிட்டது.

இதில் மோசமான நோய், கணினியில் மட்டும் உயிரோடு இருக்கும் ஸ்டாக். கணினி 'ஒன்று இருக்கிறது' என்கிறது, அலமாரியில் ஒன்றுமில்லை. இருப்பதாகக் கணினி நம்புவதால் புதிதாக ஆர்டர் போடாது. பொருள் இல்லாததால் விற்கவும் விற்காது. விற்காததால் கணக்கும் மாறாது. வருடாந்திர ஸ்டாக் எடுப்பு வரை அந்த ரகம் அங்கே செத்துக் கிடக்கும். ஆஷ்டனின் லிப்ஸ்டிக் பிரச்சினையின் இன்னொரு முகம்தான் இது.

டேக் உள்ள கடையில் ஸ்டாக் எடுப்பதைப் பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஊழியர் கையில் துப்பாக்கிப் பிடி வைத்த ரீடர். காலையில் கடை திறப்பதற்கு முன், தொங்கும் துணி வரிசைகளுக்கு நடுவே செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்கிறார். திரையில் எண் ஏறிக்கொண்டே போகிறது. மூலையில் சிக்கிய சில டேக் எஞ்சியிருக்கும்போது எண் தயங்கித் தயங்கி ஏறும். அப்போது நின்று, கோணத்தை மாற்றி இன்னொரு வீச்சு. வருடத்துக்கு ஒருமுறை கடையை மூடி, ஆட்களைக் கூட்டி இரவெல்லாம் செய்த வேலை வாரந்தோறும் செய்யும் வழக்கமாகிறது. இருப்புக் கணக்கின் துல்லியம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்பதற்குக் காரணம் டேக் மட்டும் அல்ல, அடிக்கடி எண்ண முடிவதும்தான்.

இப்போது காசுக் கேள்விக்குத் திரும்பலாம். ஜாராவின் தாய் நிறுவனமான இன்டிடெக்ஸ், டெகாத்லான், யூனிக்லோ மூன்றும் தங்கள் பொருளைத் தாங்களே வடிவமைத்து, தங்கள் கடையிலேயே விற்பவை. டேக்குக்கு இடது பாக்கெட்டிலிருந்து காசு எடுத்தால் லாபம் வலது பாக்கெட்டில் விழுகிறது. எப்படியும் அச்சடிக்க வேண்டிய விலை அட்டையிலேயே சிப்பை வைத்து ஆலையிலேயே கட்டிவிட்டால் ஒட்டுவதற்கு என்று தனிக் கூலியும் இல்லை. இன்டிடெக்ஸ் இன்னும் கெட்டிக்காரத்தனமாகத் தொடங்கியது: சிப்பை அட்டையில் வைக்காமல், திருட்டைத் தடுக்கப் பூட்டும் கெட்டியான பிளாஸ்டிக் வில்லைக்குள் வைத்தது. பில் போடும்போது கழற்றிய வில்லை அடுத்த துணிக்குப் போகும். ஒரே சிப் பலமுறை உழைத்தது.

யூனிக்லோ 2017 முதல் தன் எல்லாப் பொருளிலும் டேக் வைக்கத் தொடங்கியது. பில் கவுன்ட்டரில் ஒரு தொட்டி இருக்கும்; எடுத்த துணிகளை அதில் போட்டால் ஒரு நொடியில் பட்டியல் திரையில் வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அதுதான் அதிசயம். நிறுவனத்துக்கோ அது கொசுறு, உண்மையான வருமானம் சரியான இருப்புக் கணக்கில்தான். ஆன்லைனில் ஆர்டர் செய்து பக்கத்துக் கடையில் எடுத்துக்கொள்ளும் வசதி வந்த பிறகு இந்தக் கணக்கின் மதிப்பு இன்னும் ஏறியது. இல்லாத சட்டையை இருக்கிறது என்று ஆன்லைனில் விற்றுவிட்டால் அவமானம் கடைக்காரருக்குத்தானே. 2010-ல் வால்மார்ட் மறுபடி தொடங்கியதும் ஜீன்ஸ், உள்ளாடை போன்ற துணிகளில்தான், அதுவும் பெட்டியில் அல்ல, ஒவ்வொரு துணியிலும்.

இதே காசுக் கணக்கை வைத்து மற்ற துறைகளைப் பார்த்தாலும் படம் தெளிவாகிறது. ஹோட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் விரிப்பு, துண்டு வாடகைக்குக் கொடுக்கும் சலவை நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். துணி அவர்களுடையது, தொலைந்தால் நஷ்டமும் அவர்களுடையது. ஓரத்தில் தைத்துவிடும் சலவை டேக், கொதிநீரையும் இஸ்திரி அழுத்தத்தையும் தாங்கி ஏறக்குறைய 200 சலவை வரை தாக்குப்பிடிக்கும். ஒரு டேக்கின் விலையை 200-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றுமே இல்லை. வெளியே போய்த் திரும்பி வரும் பொருளில் ஆர்எஃப்ஐடி எப்போதுமே சுலபமாகக் கட்டுப்படியாகும். நூலகப் புத்தகமும் அந்தச் சாதிதான்.

கால்நடையில் காசுக் கேள்வியைச் சட்டமே முடித்துவைத்தது. பைத்திய மாட்டு நோய்க்கும் கோமாரிக்கும் பிறகு, எந்த விலங்கு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற நிலை. ஆஸ்திரேலியா 2005-ல் மாடுகளுக்கும், ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் ஆடுகளுக்கும் மின்னணு அடையாளத்தைக் கட்டாயமாக்கின. இங்கே பயன்படுவது 134.2 கிலோஹெர்ட்ஸ், உடம்பில் உள்ள தண்ணீர் அந்த அலையைத் தடுக்காது. அதற்கு விலையாக ஒரு முழம் தூரத்திலிருந்துதான் படிக்க முடியும். ஒவ்வொன்றாகக் குறுகிய வழியில் நடக்கும் மாட்டுக்கு அது போதும்.

விமானப் பயணப் பெட்டி இரண்டுங்கெட்டான். பெட்டி தவறினால் தேடி, வீட்டுக்கு அனுப்பி, இழப்பீடும் கொடுப்பது விமான நிறுவனம். டேக்குக்குக் காசு கொடுப்பதும் அதுவே. கணக்கு நேராக இருப்பதால் டெல்டா ஏர்லைன்ஸ் 2016-ல் 5 கோடி டாலர் போட்டு இறங்கியது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவும் 2019-ல் எல்லா நிறுவனங்களும் இதற்கு மாற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆனால் பெட்டி பாதி வழியில் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு மாறுகிறது, ரீடர் இல்லாத விமான நிலையத்தில் இறங்குகிறது. ரீடர் வைக்க வேண்டியவர் ஒருவர், பலன் அடைபவர் இன்னொருவர். பழைய வால்மார்ட் கதை இங்கே வேறு உடையில் வருகிறது.

உணவில் மெல்ல அசைவு தெரிகிறது. அமெரிக்காவின் சிபோட்லே உணவக நிறுவனம் 2022-ல் இறைச்சி, பால் பொருள், அவகாடோ பெட்டிகளில் டேக் வைத்துச் சோதித்தது. கெட்டுப்போன சரக்கு எங்கிருந்து வந்தது என்று நிமிடத்தில் தேட முடிந்தால், தேவையில்லாமல் கொட்டும் உணவு குறையும். டயருக்குள் டேக், விமான உதிரிபாகத்தில் டேக், மருத்துவமனை மருந்துத் தட்டில் டேக் என்று பட்டியலை நீட்டலாம். காரணம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. பொருள் விலை கூடியது, அல்லது தொலைந்தால் ஆபத்து.

விற்பனைப் பிரதிநிதிகள் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு: படிப்பது வேறு, அறிவது வேறு. கிடங்கு வாசலில் ரீடர் வைத்த கதவு. உள்ளே வரும் பேலட்டை அது பதிவு செய்ய வேண்டும். பக்கத்தில், தரையில் சும்மா நிறுத்தி வைத்த இன்னொரு பேலட்டும் அலையில் அகப்பட்டு 'வந்துவிட்டேன்' என்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் தப்பான கதவில் நுழைந்து பின்வாங்கினால் அதுவும் ஒரு வரவாகப் பதிகிறது. கடையிலோ, சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டாக் அறையில் இருப்பதை இந்தப் பக்கத்து ரீடர் படித்துவிட்டு, விற்பனைத் தளத்தில் இருப்பதாகச் சொல்லும். எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு: அலையின் வலிமையைக் குறைப்பது, சுவரில் உலோகத் தாள் ஒட்டுவது, முதலில் எந்த ஆன்டெனா படித்தது என்று சாஃப்ட்வேரில் பார்ப்பது. இந்தச் சில்லறைச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் நேரம் போகும். திட்டங்கள் முறிவது பெரும்பாலும் இங்கேதான். டேக் விலையை மட்டும் வைத்துப் பட்ஜெட் போட்டவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

அந்தரங்கம் பற்றிய பயமும் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. 2003-ல் பெனட்டன் துணியில் சிப் வரப்போகிறது என்ற செய்திக்கு அமெரிக்காவில் புறக்கணிப்பு அழைப்பே எழுந்தது. ஜெர்மனியின் மெட்ரோ நிறுவனம் வாடிக்கையாளர் அட்டையில் சொல்லாமல் சிப் வைத்தது தெரிந்து, எதிர்ப்பு கிளம்பி, 2004-ல் அட்டையைத் திரும்பப் பெற்றது. டேக்கை நிரந்தரமாகச் சாகடிக்கும் கட்டளை ஜென்2 தரநிலையிலேயே இருக்கிறது. பயன்படுத்துவதும் விடுவதும் கடையின் விருப்பம். வெறும் எண்ணை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அதே எண் பத்து வாசலில் பத்து நாள் தென்பட்டால் ஆளைத் தெரியாமலே நடமாட்டம் தெரிந்துவிடும், அதனால் அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை. ஆனால் ஒவ்வொருவர் பையிலும் இருப்பிடம் சொல்லும் மொபைல் வந்த பிறகு, சில மீட்டர் தூரம் மட்டுமே எட்டும் டேக்கைப் பற்றிக் கவலைப்படுவோர் குறைந்துவிட்டார்கள்.

2022-ல் வால்மார்ட் வீட்டு உபயோகப் பொருள், பொம்மை, விளையாட்டுச் சாமான் என்று டேக் பட்டியலை நீட்டியது. இந்த முறையும் ஒட்டுவது சப்ளையர்தான். ஆனால் 2005-ஐப் போல முணுமுணுப்பு இல்லை. தரநிலை ஒன்றாகிவிட்டது, ஒட்டத் தெரிந்த ஆலைகள் ஏராளம், டேக் விலையும் மொத்தக் கொள்முதலில் அந்த ஐந்து சென்ட் இலக்கை எட்டிவிட்டது. ஷாம்புக்கு மட்டும் வேறு வழி திறந்திருக்கிறது. பார்கோடு தரநிலையைப் பராமரிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 முடிவுக்குள் பில் கவுன்ட்டர்கள் க்யூஆர் போன்ற சதுரக் குறியீடுகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. தொகுதி எண், காலாவதித் தேதி வரை அந்தச் சதுரத்துக்குள் அடங்கும். பாட்டில் லேபிளில் ஏற்கெனவே அச்சாகும் மையோடு அதுவும் அச்சாகிவிடும். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது.